காற்றுப்பையின் சுவர்

டாக்டர் ருமியானா தோச்சேவா இருபத்தேழு வருஷமாக டாக்டர்தான். ஆனால் நோயாளிகளின் முகம் அவளுக்குத் தெரியாது. பெலோப்ரியாக் மாவட்ட ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் அவளுடைய லேப். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் சதைத் துண்டுகளை வெட்டி, மெழுகில் பதித்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது ஒன்றும் செய்யாத கட்டி, இது கெட்ட கட்டி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அந்தக் காகிதம் மாடிக்குப் போகும். அங்கே யாரோ அதை யாரிடமோ வாசித்துக் காட்டுவார்கள். யார் அழுதார்கள், யார் சிரித்தார்கள் என்பது அவளுக்கு வந்து சேராது. அது ஒரு வசதி என்றுதான் அவள் இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருக்கும் பானித்சா கடையில் வழக்கம்போல நின்றாள். சீஸ் வைத்து மடித்துச் சுட்ட பானித்சா ரொட்டி ஒன்று, ஒரு டம்ளர் மோர். கடைப்பெண் தியோதோராவை இரண்டு வாரமாகக் காணவில்லை. அன்று வந்திருந்தாள்.

"எங்க போயிட்ட, ஆளையே காணோம்?" என்று ருமியானா பேச்சுக்குக் கேட்டாள்.

"பாப்பாவுக்கு உடம்பு சரியில்ல டாக்டரம்மா. உங்க ஆஸ்பத்திரியிலதான் கெடந்தோம். திடீர்னு மூச்சு விட முடியாம உதடெல்லாம் நீலமாயிருச்சு. நுரையீரல்ல காத்துப்பை மாதிரி ஒண்ணு இருந்திருக்கு, அது வெடிச்சு நெஞ்சுக்குள்ள காத்து நெறைஞ்சிருச்சாம். டாக்டர் ஆசென் ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாரு."

ருமியானாவுக்கு உடனே ஞாபகம் வந்தது. கலினா, ஒரு வயது எட்டு மாதம், வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி. நனைந்த மெல்லிய காகிதத்தைக் கசக்கி வைத்தாற்போல ஒரு பை. போன வெள்ளிக்கிழமைதான் அறிக்கை எழுதினாள். பிறவியிலேயே வந்த காற்றுப்பை, ஆபத்தில்லாதது.

"ரிசல்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. தோச்சேவான்னு கையெழுத்து. உங்க பேட்ஜ்ல பேரைப் பார்த்ததும் எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல." அவள் பொட்டலத்துக்குள் இன்னொரு பானித்சாவைத் திணித்தாள். "இது கலினா குடுத்ததுன்னு வெச்சுக்குங்க."

அடுப்புக் கதவைத் திறந்து அடுத்த தட்டை இழுத்தாள். சூடு முகத்தில் அடித்தது. கழுத்தில் சுற்றியிருந்த துணியை ஒரு விரலால் கீழே இழுத்துவிட்டாள். தொண்டைக்குழிக்குச் சற்று மேலே, கழுத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை, சங்கிலி போட்டதுபோல ஒரு பழைய தழும்பு.

"கழுத்துல என்ன ஆபரேஷன்?" என்றாள் ருமியானா.

"தைராய்டு. பத்தொம்பது வயசுல. உள்ள ஏழெட்டுக் கட்டி இருந்துச்சாம். எல்லாம் நல்ல கட்டிதான், ஆனா தொண்டைய அமுக்குதுன்னு எடுத்துட்டாங்க."

பத்தொன்பது வயதில் தைராய்டில் ஏழெட்டுக் கட்டி. ருமியானா கையிலிருந்த மோர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கலினா வயித்துல இருக்கும்போது ஸ்கேன்ல அந்தப் பை தெரிஞ்சுதா?"

தியோதோரா முகவாயை மேலே தூக்கி இல்லை என்றாள். "நாலு தடவை எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் எல்லாம் சுத்தமா இருக்குன்னாங்க."

"உங்க வீட்டுல வேற யாருக்காவது சின்ன வயசுல ஆபரேஷன் எதாவது?"

"எங்கண்ணனுக்கு ரெண்டு வயசுல ஒரு கிட்னிய எடுத்துட்டாங்க. உள்ள பூரா நீர்க்கட்டியாம். இப்ப நல்லாத்தான் இருக்கான். ஸ்பெயின்ல லாரி ஓட்டறான், ஒத்தக் கிட்னிய வெச்சுக்கிட்டு ரெண்டு ஆளு சாப்பாடு சாப்பிடறான்." சிரித்தவள், டாக்டரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள். "ஏன் கேக்கறீங்க?"

பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

"சும்மாதான் கேட்டேன்" என்றாள் ருமியானா.

பொட்டலத்தைப் பிரிக்காமலே சாலையைக் கடந்தாள். இந்த மூன்றையும் ஒன்றாக எங்கே படித்தோம் என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தாய்க்கு இளம் வயதில் தைராய்டுக் கட்டிகள், மாமனுக்குக் குழந்தையாக இருக்கும்போது கிட்னியில் நீர்க்கட்டி, குழந்தைக்கு நுரையீரலில் காற்றுப்பை. ஒரே ஒரு ஜீன் பழுதானால் ஒரே குடும்பத்தில் இப்படித்தான் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைக்கும். அப்படிப்பட்ட குடும்பத்துக் குழந்தையின் நுரையீரலில் வரும் பை, பிறவிப் பையைப் போலவே இருக்கும். எக்ஸ்ரேயில் அப்படியே இருக்கும், சி.டி. ஸ்கேனில் அப்படியே இருக்கும், கையில் எடுத்துப் பார்த்தாலும் அப்படியே இருக்கும். ஆனால் அது பிறவிப் பை அல்ல, புற்றுக்கட்டியின் முதல் பருவம். பையாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொள்ளும். விட்டால் ஒரு வருஷத்தில், இரண்டு வருஷத்தில், பையின் சுவர் தடித்து, முழுக் கட்டியாகி, மூளைவரை போகும்.

இருபத்தேழு வருஷத்தில் அவள் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. அதனால்தான் கேட்கத் தோன்றவில்லை. கர்ப்ப ஸ்கேனில் தெரிந்ததா என்ற இடம், தியேட்டரிலிருந்து வந்த விண்ணப்பத்தில் காலியாக இருந்ததைப் பார்த்திருந்தாள். பிறவிப் பையென்றால் பெரும்பாலும் கர்ப்பத்திலேயே தெரிந்திருக்கும். பை வெடித்து வந்த குழந்தை என்பதையும் வாசித்திருந்தாள். அதுவே ஒரு துப்பு. ஆனாலும் வெள்ளிக்கிழமை மத்தியானம் நான்கு துண்டு வெட்டி எடுத்து, நான்கிலும் சுவர் மெல்லிசாக, சுத்தமாக இருந்ததைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவ்வளவு பெரிய பையில் நான்கே துண்டு.

மீதிப் பை அலமாரியில் ஃபார்மலின் ஜாடியில் இருக்கும், எல்லாவற்றையும் வெட்டிப் பார்த்துவிடலாம் என்று நினைத்தபடி லேப் கதவைத் திறந்தாள். உள்ளே சுண்ணாம்பு வாடை வந்தது. அலமாரி காலியாக இருந்தது.

ஸ்தோயன்கா ஸ்டூலில் ஏறி நின்று சுவரில் ஏதோ சுரண்டிக்கொண்டிருந்தாள். லேபில் முப்பத்தெட்டு வருஷமாக டெக்னீஷியனாக இருப்பவள். தைரியமாகப் பேசுவாள், மெல்லப் பேசத் தெரியாது.

"அக்கா, அலமாரியில இருந்த ஜாடி எல்லாம் எங்க?"

"பெயிண்ட் அடிக்கறவனுங்க வந்துட்டானுங்களே. நேத்து சாயங்காலம் சொல்றானுங்க, இன்னிக்குக் காலி பண்ணணுமாம். ரிப்போர்ட் ஆனதெல்லாம் மஞ்சள் டிரம்முல போட்டாச்சு, ஆகாததெல்லாம் உங்க ரூமுல இருக்கு."

"ஒரு மாசம் வைக்கணும்னு இருக்கே."

"தலைமை நர்ஸ்கிட்ட போய்க் கேளுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. என்ன ஆச்சு, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"டிரம் எங்க இருக்கு?"

"கொல்லையில. பத்து மணிக்கு எரிக்கற வண்டி வரும்."

சுவரில் கடிகாரம் ஒன்பது நாற்பத்தைந்து காட்டியது.

கொல்லையில் ஆறு மஞ்சள் டிரம்கள் வரிசையாக இருந்தன, மூடி அழுத்திப் பூட்டப்பட்டு. ருமியானா கோட்டின் கையை மடித்துவிட்டு ஒன்றின் மூடியை இழுத்தாள். வரவில்லை. பின்னாலேயே ஓடிவந்த ஸ்தோயன்கா ஒரு ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினாள்.

"கையுறை போட்டுக்கிட்டு நோண்டுங்க. எதைத் தேடறீங்கன்னாவது சொல்லுங்க."

"கலினா. நூத்துப் பன்னெண்டு. நுரையீரல்."

"அந்தக் குட்டிப் பொண்ணா?" ஸ்தோயன்காவின் குரல் முதல் முறையாகத் தணிந்தது. இரண்டாவது டிரம்மைத் தானே திறந்தாள்.

பித்தப்பைகள், குடல்வால்கள், கர்ப்பப்பைகள். ஒவ்வொரு ஜாடியையும் தூக்கி எண்ணைப் பார்த்துத் தரையில் வைத்தார்கள். ஃபார்மலின் கண்ணைக் கரித்தது. மூன்றாவது டிரம்மில் ஒரு ஜாடி உடைந்து கிடந்தது, உள்ளே இருந்தது கீழே சிந்தியிருந்தது. ருமியானா அதன் லேபிளைத் திருப்பிப் பார்த்தாள். நூற்று இரண்டு. யாரோ ஒரு கிழவரின் புராஸ்டேட். வண்டி உள்ளே வந்து ரிவர்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோது, ஐந்தாவது டிரம்மின் அடியிலிருந்து ஸ்தோயன்கா ஒரு ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளே அந்தக் கசங்கிய காகிதம் மிதந்தது.

வண்டிக்காரன் இறங்கி, தரையெல்லாம் ஜாடியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, சந்தை போட்டிருக்கீங்களா?" என்றான்.

"வாய மூடிக்கிட்டு உள்ள எடுத்துப் போடு" என்றாள் ஸ்தோயன்கா.

ருமியானா அன்று வேறு எந்த வேலையும் செய்யவில்லை. பையை விரித்து, மடிப்பு மடிப்பாக, விரல் அகலத்துக்கு வெட்டினாள். ஒரு துணுக்கைக்கூட மிச்சம் வைக்கவில்லை. மொத்தம் முப்பத்தொரு துண்டு. மெஷினில் ஒரு இரவு ஊற வேண்டும், பிறகு மெழுகு, பிறகு வெட்டு, பிறகு சாயம். அவசரப்படுத்த வழியில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தாள், தூங்கவில்லை. ஒன்றும் இருக்கக் கூடாது என்றும், ஒன்றும் இல்லையென்றால் தன் தப்பு யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்றும் மாறி மாறி நினைத்தாள். இரண்டாவது நினைப்பு வந்தபோது தன்மீதே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்தோயன்கா ஸ்லைடுகளைத் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் கதவருகே நின்றாள்.

முதல் ஸ்லைடு சுத்தம். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் இருக்கும் அதே மயிர்முளைத்த செல்கள், கீழே மெல்லிய நார். இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது, அதே கதை. பதினைந்தைத் தாண்டியதும் தோள் கொஞ்சம் இறங்கியது. இருபதாவதில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

இருபத்திமூன்றாவதில், மேல்வரிசைச் செல்களுக்கு நேர் கீழே, சுவரை ஒட்டினாற்போல ஒரு கருநீலக் கோடு தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். கோடு இல்லை, கூட்டம். சின்னச் சின்ன, முதிராத செல்கள், எறும்பு மொய்த்ததுபோல நெருக்கியடித்துக்கொண்டு. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. இன்னும் பெரிதாக்கினாள். நடுவில் மூன்று செல்கள் இளஞ்சிவப்பாக, வால் நீண்டு, குறுக்கே மெல்லிய வரிகளோடு இருந்தன. தசைச் செல்கள். நுரையீரலின் காற்றுப்பைச் சுவருக்குள் அவை இருக்க நியாயமே இல்லை. பக்கத்தில் குருத்தெலும்பின் ஒரு பொட்டு.

அவள் கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். அங்கேயே இருந்தன.

"அக்கா" என்றாள். "கதவைச் சாத்துங்க."

ஸ்தோயன்கா சாத்திவிட்டு வந்து அவள் தோளில் கையை வைத்தாள்.

சோஃபியாவில் குழந்தைப் புற்றுநோய் பார்க்கும் பேராசிரியை ஹாஜீவாவுக்குப் படங்களை அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. "ஸ்லைடும் மெழுகுக் கட்டியும் அனுப்புங்க, சாயம் போட்டுப் பார்த்துத்தான் எழுதுவேன். ஆனா நீங்க நெனைக்கறதைத்தான் நானும் நெனைக்கறேன்" என்றது கிழட்டுக் குரல். சற்று நிறுத்தி, "முப்பத்தொண்ணுல எத்தனைல இருக்கு?" என்று கேட்டது.

"ரெண்டுல."

"ரெண்டு" என்றது குரல்.

டாக்டர் ஆசென் மூன்றாம் மாடியில் தன் அறையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ருமியானாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். அவள் சொல்லி முடிக்கும்வரை உரிப்பதை நிறுத்தவில்லை. பிறகு ஆரஞ்சை அப்படியே மேஜையில் வைத்தார்.

"ருமி, நான் அந்தப் புள்ளயோட அப்பன்கிட்ட, போய் ஒரு பீர் குடிச்சிட்டு நிம்மதியாத் தூங்குன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்."

"தெரியும்."

"உன் கையெழுத்தப் பார்த்துத்தான் சொன்னேன்."

"அதுவும் தெரியும். இன்னிக்கே கூப்பிட்டுச் சொல்லணும்."

"சோஃபியா எழுதிக் குடுக்கட்டும். ஒருவேளை இல்லன்னு வந்துட்டா? சும்மா இருக்கறவங்க வயித்துல நெருப்பு வெச்ச மாதிரி ஆயிடும்."

ஆபரேஷன் அறிக்கையை அவர் முன்னால் தள்ளினாள். "முழுசா எடுத்தியா, ஆசென்?"

அவர் அந்தக் காகிதத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். தூரத்தில் டான்யூபில் ஒரு சரக்குப் படகு எதிர்நீச்சல் போட்டபடி ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஆபத்தில்லாத பைதானேன்னு நெனைச்சேன்" என்றார் கடைசியில். "ரத்தக்குழாய் பக்கத்துல ஒரு துண்டுச் சுவர விட்டுட்டேன். எடுக்கப்போனா ரத்தம் பீச்சியிருக்கும். ஒரு நகத்தளவு."

"அப்ப இன்னிக்கே சொல்லணும்."

"நீயே சொல்றியா?"

"நானே சொல்றேன்."

அவள் வாழ்நாளில் செய்யாத வேலை அது. மாலை ஐந்து மணிக்குக் குழந்தையின் தாயும் தகப்பனும் ஆசெனின் அறைக்கு வந்தார்கள். தியோதோரா கடையிலிருந்து நேராக வந்திருந்தாள், முடியில் மாவு ஒட்டியிருந்தது. கணவன் பிளாமென் படகுத்துறையில் வேலை செய்பவன், கதவளவு அகலமான ஆள். கலினாவை மார்போடு பிடித்திருந்தான். குழந்தை, மார்ச் மாதத்துக்காகத் தன் மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்பு வெள்ளை நூலைச் சப்பிக்கொண்டே ருமியானாவைப் பார்த்தது. ஜாடியின்மேல் எழுதியிருந்த பெயருக்கு இப்படி ஒரு முகம் இருந்தது.

ருமியானா சுற்றி வளைக்கவில்லை. "போன வாரம் நான் எழுதினது தப்பு" என்று தொடங்கினாள். "நாலு துண்டுதான் பார்த்தேன். நேத்து மீதி எல்லாத்தையும் வெட்டிப் பார்த்தேன். ரெண்டு எடத்துல கெட்ட செல் இருக்கு. இது குழந்தைங்களுக்கு மட்டும் வர்ற ஒரு நுரையீரல் கட்டி. ரொம்ப அபூர்வம். இப்ப முதல் பருவத்துல இருக்கு. இந்தப் பருவத்துல பிடிச்சா பத்துல ஒம்பது குழந்தை பிழைச்சுக்கும். ஆனா சோஃபியாவுக்குப் போகணும், திரும்ப ஆபரேஷன் வேணும், மருந்தும் ஏத்த வேண்டியிருக்கும்."

குழந்தை இருமியது. சாதாரண இருமல்தான். ஆனால் நான்கு பெரியவர்களும் அதை நோக்கித் திரும்பினார்கள்.

"ஒரு வாரம்" என்றான் பிளாமென், மெதுவாக. "ஒரு வாரம் நாங்க தூங்கினோம். அவளுக்கு ஒண்ணும் இல்லன்னு எங்கம்மாவுக்கு, தெருவுல இருக்கற அத்தனை பேருக்கும் கேக் வாங்கிக் குடுத்தேன்."

"மன்னிச்சிருங்க" என்றாள் ருமியானா.

"மன்னிப்பு உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நேத்து எதுக்குத் திடீர்னு மறுபடி பார்த்தீங்க?"

"கடையில உங்க மனைவி கழுத்துத் தழும்பப் பார்த்தேன். அப்புறம் அவங்க அண்ணன் கிட்னி விஷயம் சொன்னாங்க."

"நேத்து நீங்க பானித்சா வாங்க வரலன்னா?"

ஆசென் வாயைத் திறந்தார். ருமியானா கையை உயர்த்தி அவரைத் தடுத்தாள்.

"தெரிஞ்சிருக்காது" என்றாள். "பத்து மணிக்கு அந்த ஜாடி எரிக்கப் போயிருக்கும்."

பிளாமென் எழுந்து ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டான். குழந்தையின் தலைமேல் முகவாயை வைத்து அழுத்தினான். அவன் தோள் குலுங்குவதைப் பார்க்காமலிருக்க ருமியானா தரையைப் பார்த்தாள்.

தியோதோரா அழவில்லை. அவள் அதுவரை வேறெதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவள் கேட்ட கேள்வியில்தான் தெரிந்தது.

"என் தைராய்டு, அண்ணன் கிட்னி, இவளோட நுரையீரல். எல்லாம் ஒண்ணா?"

"அப்படித்தான் நெனைக்கறேன். ரத்தம் எடுத்துப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

"அப்ப இது என்கிட்ட இருந்து போனது."

"நீங்க குடுக்கல. அது உங்ககிட்ட இருந்தது உங்களுக்கே தெரியாது."

"இவ்வளவு நாளா கழுத்த மூடி வெச்சேன்" என்றாள் தியோதோரா. "அசிங்கமா இருக்குன்னு. ஒரு டாக்டரும் என்னைக் கேக்கல, நானும் சொல்லல." பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "அண்ணனுக்கு ஒரு பொண்ணு பொறந்திருக்கு. எட்டு மாசம்."

இதை ருமியானாவே கேட்டிருக்க வேண்டும்.

"இப்பவே போன் போடுங்க" என்றாள்.

வாலென்சியாவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் லாரியை நிறுத்தியிருந்த அண்ணன் முதலில் சிரித்தான். "என்னடி, எனக்கு மறுபடி கிட்னிய எடுக்கப்போறாங்களா?" என்ற அவன் குரல் ஸ்பீக்கரில் வந்தது. தியோதோரா சொல்லச் சொல்லச் சிரிப்பு நின்றது. "பாப்பா நல்லாத்தானே இருக்கா, காலையிலகூட வீடியோல பார்த்தேன்" என்று இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை பாதியில் குரல் உடைந்தது. ருமியானா போனை வாங்கி, அங்கே டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும், எந்த ஸ்கேன் கேட்க வேண்டும், எந்த ஜீனின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று எழுத்துக்கூட்டி எழுதவைத்தாள்.

ஐந்தாம் நாள் சோஃபியாவிலிருந்து அறிக்கை வந்தது. சந்தேகமில்லை, முதல் பருவம். பிறகு வந்த ரத்தப் பரிசோதனையில் தியோதோராவுக்கும் கலினாவுக்கும் அண்ணனுக்கும் அதே ஜீனில் அதே பழுது. கலினாவின் நெஞ்சை மறுபடி திறந்தார்கள். விட்டுப்போன நகத்தளவுச் சுவரையும், நுரையீரலின் கீழ்ப்பகுதி முழுவதையும் எடுத்தார்கள். அந்த நகத்தளவில் அதே கருநீலக் கூட்டம், முன்னைவிடச் சற்றுத் தடித்து. அதன்பின் பத்து மாதம் மருந்து. முடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணாகியது, ஒரு தடவை காய்ச்சல் வந்து ஒன்பது நாள் கண்ணாடி அறையில் இருந்தாள். ஸ்பெயினில் அண்ணன் மகளின் நெஞ்சை ஸ்கேன் எடுத்ததில், இடது நுரையீரலின் ஓரத்தில் திராட்சை அளவில் ஒரு பை. இருமலே வராத குழந்தை. அதை வெடிப்பதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். அவளுக்கு மருந்து தேவைப்படவில்லை.

ருமியானா தன் தப்பைத் தானே எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தாள். விசாரணை நடந்தது, எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை அவள் வாதாடி மாற்றவில்லை. அதற்குப்பின் குழந்தையின் நுரையீரலிலிருந்து எது வந்தாலும் முழுக்க வெட்டினாள். விண்ணப்பத்தில் ஒரு இடம் காலியாக இருந்தால் மாடி ஏறிப் போய்த் தாயைப் பார்த்தாள். வாசலில் நின்று, "உங்க வீட்டுல யாருக்காவது தைராய்டு, கிட்னி, சின்ன வயசுல ஏதாவது ஆபரேஷன்?" என்று கேட்கும்போது ஒவ்வொரு தடவையும் பதில் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரும்பாலும் இல்லை என்றே வந்தது.

தியோதோரா அவளோடு ஒன்றரை வருஷம் பேசவில்லை. கோபமா என்று ருமியானாவுக்குத் தெரியவில்லை. கேட்கும் உரிமை தனக்கில்லை என்று நினைத்தாள்.

பிறகு ஒரு நவம்பர் காலை கீழ்த்தளத்துக்கு போன் வந்தது. "ஸ்கேன் ரூம் வாசல்ல இருக்கேன்" என்றாள் தியோதோரா. "பிளாமென் படகுல வியன்னா பக்கம் போயிருக்காரு. தனியா உக்கார முடியல."

ருமியானா கோட்டைக்கூட மாட்டாமல் ஏறிப் போனாள். நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். தியோதோராவின் கையில் ஒரு சின்ன ஷூ ஜோடி இருந்தது. உள்ளே கலினாவைப் படுக்க வைத்திருந்தார்கள். உள்ளே மெஷின் ஓடும் உறுமல் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. இது ஏன் இரண்டாவது தடவை ஓடுகிறது என்று இருவரும் ஒரே சமயத்தில் நினைத்தார்கள். தியோதோரா ருமியானாவின் விரல்களைப் பிடித்தாள், வலிக்கும் அளவுக்கு.

இருபது நிமிஷம் கழித்து ஸ்கேன் டாக்டர் கதவைத் திறந்து வந்தார். இளைஞர், புதிதாக வந்தவர். இவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே சொன்னார். "சுத்தமா இருக்கு. பாப்பா கொஞ்சம் அசைஞ்சிட்டா, அதான் ரெண்டாவது தடவை எடுத்தோம்."

கலினா வெறுங்காலோடு ஓடி வந்தாள். மூன்றரை வயது, முடி காதுவரை சுருண்டு வளர்ந்திருந்தது. "இந்த அத்தை யாரு?" என்று கேட்டாள்.

"உன்னை உள்ளுக்குள்ள பார்த்தவங்க" என்றாள் தியோதோரா.

"எப்படி?"

தியோதோரா குனிந்து ஷூவை மாட்டிவிட்டாள். அவசரத்தில் வாரை மாட்ட வரவில்லை. ருமியானா தரையில் உட்கார்ந்து இன்னொரு காலுக்கு மாட்டினாள்.

"அடுத்தது எப்ப?" என்று ருமியானா கேட்டாள்.

"பிப்ரவரி" என்றாள் தியோதோரா. "ஏழு வயசு வரைக்கும் பார்க்கணுமாம். அன்னிக்கும் வர்றீங்களா?"

"வர்றேன்."

தியோதோரா தலையை இருபுறமும் ஆட்டிச் சரி என்றாள். பிறகு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். கலினா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தாள். கடைசிப் படியில் ஒரு தடவை இருமினாள். மேலே நின்றிருந்த ருமியானாவின் கை கம்பியை இறுகப் பிடித்தது. கீழே தியோதோராவும் நின்று குழந்தையைக் குனிந்து பார்த்தாள். இரண்டாவது இருமல் வரவில்லை. அவர்கள் கதவைத் திறந்து வெளியே போனார்கள்.